நாலாவது விதி, ஐந்தாவது கட்டம்

இர்பித் நகரத்தில் ருதைனாவின் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தையற்காரி நவ்வாராவின் கடைக்குள் போய், உடுப்பு மாற்றிப் பார்க்கிற திரையை விலக்கினால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வளைகிற கழுத்துள்ள ஒரு விளக்கு. அவ்வளவுதான் கடை. மேசைக்கு அந்தப் பக்கம் ருதைனா, இந்தப் பக்கம் உடைந்த போனோடு வந்த பெண். நடுவில் வேறு யாரும் இல்லை.

கடைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. போனின் முகம் எப்போதும் சொந்தக்காரி பக்கம்தான் இருக்க வேண்டும். ருதைனா பார்ப்பது அதன் முதுகை. புதுத் திரை மாட்டி வெளிச்சம் வந்ததும், அந்த வெளிச்சம் முதலில் விழுவது அவள் முகத்தில் அல்ல. பாஸ்வேர்டை அவள் கேட்டதில்லை. பழக்கதோஷத்தில் யாராவது சொல்ல வாயெடுத்தால், "ஐயோ, சொல்லாதீங்க. அப்புறம் மறக்கிற வேலையும் எனக்குச் சேர்ந்துடும்" என்பாள். அவள் வாயிலிருந்து ஒரு நாளில் வருகிற மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

பேச்சு அவளுக்கு வராது. கண் வரும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றபோது, அம்மா கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்து வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். யார் புதுச் செருப்பில் நடக்க முடியாமல் நடக்கிறாள், யார் யாரோடு பேச்சு விட்டிருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அந்த முக்காலியிலிருந்தே தெரிந்துவிடும். யாரிடமும் சொல்ல மாட்டாள்.

கேமரா வைத்த போன்கள் வந்த பிறகு அந்த முக்காலிக்கு ஒரு மரியாதை வந்தது. உள்ளே பெண்கள் தலைத்துணியை எடுத்துவிட்டு, முடியை விரித்துவிட்டு ஆடுவார்கள். ஒரு படம் வெளியே போனால் போனதுதான். ஆகவே வாசலில் ருதைனா ஒவ்வொரு போனையும் வாங்கி, கேமராவின் கண்மேல் வட்டமாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுப்பாள். பிரித்து ஒட்டினால் அடையாளம் தெரிகிற ஸ்டிக்கர். அமைச்சர் வீட்டு அம்மாளாக இருந்தாலும் ஒட்டாமல் உள்ளே போக முடியாது. ஒரு ராத்திரிக்கு முந்நூறு கண்களை அவள் மூடியிருக்கிறாள்.

அந்த வாசலில்தான் வேலையும் கற்றுக்கொண்டாள். மணப்பெண்ணின் சித்தி ஒருத்தியின் போன் எலுமிச்சைச் சாற்று அண்டாவுக்குள் விழுந்துவிட்டது. எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது ருதைனா அதை எடுத்துத் துடைத்து, கொண்டை ஊசியால் திறந்து, சுத்தமான தண்ணீரில் அலசி, சமையற்கட்டு விசிறிக்கு முன்னால் வைத்தாள். மணப்பெண் வண்டி ஏறுவதற்குள் போன் அடித்தது. ருதைனாவின் கணவன் ஃபவ்வாஸ் தலைநகர் அம்மானுக்குப் பஸ் ஓட்டுகிறவன். அதற்கப்புறம் அவன் ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் பழைய சாமான் சந்தையில் செத்துப் போன போன்களைப் பை நிறைய வாங்கி வந்தான். "மத்தவன் பொண்டாட்டிக்குப் பூ வாங்கிட்டுப் போறான், நான் பொணம் வாங்கிட்டுப் போறேன்" என்று சொல்லிச் சிரிப்பான். அந்தப் பிணங்களை அறுத்து அறுத்து அவள் வைத்தியம் படித்தாள்.

போனின் முகம் பற்றிய சட்டம் ஸுந்துஸால் வந்தது. ஸுந்துஸ் ஃபவ்வாஸின் தங்கை மகள். அவளுடைய நிச்சயதார்த்த இரவில் மற்றவர்கள் போனுக்கெல்லாம் ஸ்டிக்கர். மணப்பெண்ணின் போனுக்கு மட்டும் கிடையாது. அதில் அவள் அக்கா படம் எடுக்கலாம் என்பது எங்கும் உள்ள வழக்கம். ஆக, அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரின் படமும் அந்த ஒரே போனில் இருந்தது. மறுவாரம் அதன் திரை உடைந்தது. ஸுந்துஸ் அதைக் கடைத்தெருவில் ஒரு கடையில் கொடுத்தாள். அவர்கள் ஒரு சீட்டை நீட்டினார்கள். அதில் பாஸ்வேர்டு என்று ஓர் இடம் இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். நாலே நாளில் அந்தப் படங்கள் யார் யார் போனிலோ இருந்தன. கல்யாணம் நின்றது. ஸுந்துஸ் எட்டு மாதம் வாசல் தாண்டவில்லை.

முந்நூறு கண்களை மூடிய கைகளைப் பார்த்துக்கொண்டு ருதைனா பல நாள் உட்கார்ந்திருந்தாள். வாசலைக் காத்தோம், சாவியைச் சீட்டில் எழுதி அடுத்த தெருவில் கொடுத்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பதாவது மாதம் நவ்வாராவிடம் திரைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கேட்டாள். முதல் வேலையாக ஸுந்துஸைக் கையைப் பிடித்து அழைத்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார வைத்து, "இங்க உக்காந்து பாரு. ஒரு நொடி கூடக் கண்ணை எடுக்காதே" என்றாள். பார்க்க வந்தவள் கொஞ்ச நாளில் திருகாணி பிடிக்கவும் தொடங்கினாள்.

ஒன்பது வருடம் இப்படி ஓடியது. அதற்கு வேட்டு வைத்தது ஒரு வரைவு.

அரசாங்கம் போன் பழுதுபார்ப்புக்குப் புது விதிகள் கொண்டுவருகிறது என்று ஃபவ்வாஸ்தான் ஒரு காலையில் போனில் படித்துக் காட்டினான். முதலில் சந்தோஷமான செய்தி மாதிரி இருந்தது. கம்பெனிக்காரர்கள் இனி உதிரிபாகங்களை உரிமம் பெற்ற எல்லாக் கடைக்கும் விற்க வேண்டும். வேறு கம்பெனித் திரை மாட்டினால் போன் முறைத்துக்கொண்டு வேலை செய்யாமல் போகிற வித்தையெல்லாம் கூடாது.

"கேட்டியா உம்மு லைத்? உனக்காகவே எழுதின மாதிரி இருக்கு!" என்றான். மூத்த மகன் லைத் பிறந்ததிலிருந்து 'லைத்தின் அம்மா' என்றுதான் அவன் அவளைக் கூப்பிடுவான்.

"மேல படிங்க."

மேலே படித்தவன் குரல் இறங்கியது. நாலாவது விதி: பழுது சரியானதா என்று சோதிக்க, வாடிக்கையாளரின் பாஸ்வேர்டைக் கடைக்காரர் படிவத்தில் எழுதி வாங்க வேண்டும். ஏழாவது விதி: உரிமம் வேண்டுமென்றால் பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் போனைத் திறந்தால் கடைக்குச் சீல்.

ருதைனா சேஜ் என்கிற வாசனை இலை போட்ட தேநீரைக் கீழே வைத்தாள். நாலாவது விதி அவள் சட்டத்தை உடைத்தது. ஏழாவது அவள் கடையையே மூடியது.

தெருவில் இதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. உரிமம் வந்தால் திருடர்கள் ஒழிவார்கள் என்றார்கள் சிலர். போன் கம்பெனிகளின் பெரிய ஏஜென்சி எழுதிக் கொடுத்ததை அரசாங்கம் அப்படியே அச்சடித்திருக்கிறது என்றார்கள் சிலர். வரைவின்மேல் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம், செவ்வாய்க்கிழமை வர்த்தகச் சங்க மாடியில் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது.

"போறோம்" என்றாள் நவ்வாரா, வாயில் குண்டூசிகளோடு.

"நான் அங்க போய் என்ன பேச? எண்பது ஆம்பளைங்க இருப்பாங்க."

"நீ பேசாதே. நான் பேசுறேன். என் வாயை இந்தத் தெருவே பயந்து கும்பிடுது."

"நீ பேசினா ஏஜென்சிக்காரன் இன்னும் நாலு விதி சேர்த்துப்பான்."

நவ்வாரா குண்டூசிகளைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். ஸுந்துஸ் சிரிக்கவில்லை. "நானும் வரேன் மாமி" என்றாள். இத்தனை வருடத்தில் கூட்டம் கூடுகிற இடத்துக்கு அவளாக வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல்முறை. அதற்குப் பிறகு ருதைனா எப்படி வீட்டில் உட்கார்வாள்?

கூட்டத்துக்கு மூவரும் பத்து நிமிடம் தாமதமாகப் போனார்கள். கடைசி வரிசையில், கதவோரம் இடம் கிடைத்தது. மேடையில் நடுவில் தலைமை அதிகாரி நாயிஃப், களைத்த முகத்தோடு. பக்கத்தில் இரண்டு பேர். மைக்குக்கு முன்னால் பெரிய ஏஜென்சியின் மேலாளர் முஹன்னத் நின்று பேசிக்கொண்டிருந்தார். நல்ல சூட்டு, நல்ல குரல், கையில் சாய்த்துப் பிடித்த புதுப் போன்.

ருதைனா வழக்கம்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி நாயிஃப் தன் போனைச் சார்ஜில் போட்டிருந்தார். ஆனால் வயரின்மேல் தேநீர்க் கோப்பையைப் பாரமாக வைத்திருந்தார். கோப்பையை எடுத்துக் குடிக்கப் போகும்போதெல்லாம் போனைப் பார்த்து முகம் சுளித்து, அவசரமாகத் திரும்ப வயர்மேல் வைத்தார்.

"டாக்டர்கிட்ட போறோம்" என்றார் முஹன்னத். "வயித்தைக் காட்டாம வைத்தியம் பண்ணுன்னா அவர் என்ன செய்வாரு? போனைத் திறந்து பாக்காம அது சரியாச்சான்னு எப்படிச் சொல்றது? பாஸ்வேர்டு குடுக்க என்ன பயம்? தப்புப் பண்ணாதவங்களுக்கு மறைக்க என்ன இருக்கு?"

பக்கத்தில் ஸுந்துஸின் விரல்கள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன.

அதே நேரம் வாயிற்காப்பாளர் ஒரு தாளை ருதைனாவின் மடியில் போட்டார். வந்தவர்கள் பெயர் எழுதுகிற தாள். இன்னும் ஒரு பெயர்கூட ஏறவில்லை, பின்வரிசையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வரிசை எண், பெயர், கடை, கையெழுத்து என்று நாலு கட்டம். ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம்.

ருதைனா அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து, போனின் திரையை நெம்பி எடுக்க வைத்திருக்கிற பழைய பிளாஸ்டிக் அட்டையை எடுத்தாள். அதன் விளிம்பை அளவுகோலாக வைத்து, மேலிருந்து கீழே நேராக ஒரு கோடு போட்டாள். தலைப்பில், மற்ற எழுத்துகளின் அதே அளவில், அழகாக எழுதினாள்: பாஸ்வேர்டு.

"ஏய், என்ன பண்ற?" என்றாள் நவ்வாரா.

"ஒண்ணுமில்ல. ஒரு கட்டம் குறையுது."

தன் பெயரை எழுதினாள். ஐந்தாவது கட்டத்தை வெறுமையாக விட்டாள். நவ்வாராவும் ஸுந்துஸும் அப்படியே எழுதினார்கள். தாள் முன்வரிசையை நோக்கிப் போனது.

இரண்டு வரிசை தாண்டியதும் சலசலப்புத் தொடங்கியது. ஒருவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொருவர், "இதென்ன, உளவுத்துறைக்காரன் வேலையா?" என்றார். இளைஞன் ஒருவன் தன் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து உள்பையில் போட்டுக்கொண்டான். பெயர் எழுதியவர்கள் எல்லாம் அந்தக் கட்டத்தை மட்டும் தீப்பட்ட இடம் மாதிரி விட்டு விலகினார்கள்.

கனாஃபா இனிப்புக் கடை அபூ ராத்திப் மட்டும் எழுதிவிட்டார். வயதானவர், கட்டம் இருந்தால் நிரப்ப வேண்டும் என்று நினைப்பவர். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார்: "நாலு பூஜ்யம்! அபூ ராத்திப், உம்ம பாஸ்வேர்டு நாலு பூஜ்யமா?"

"என் போன்ல என்ன இருக்கு மறைக்க? சீனிப் பாகும் வெண்ணெயும்தான்" என்றார் அபூ ராத்திப்.

"அப்ப குடுங்க, பாத்துட்டுத் தரேன். போன மாசம் உங்க மச்சினரைப் பத்தி எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினீங்களே, அது இன்னும் யார் யாருக்குப் போயிருக்குன்னு பாப்போம்."

மச்சினர் மூன்றாவது வரிசையில் இருந்தார். திரும்பிப் பார்த்தார். அபூ ராத்திப் தாளைப் பிடுங்கி, அந்த நாலு பூஜ்யத்தையும் தாள் கிழிகிற அளவுக்கு அடித்து அடித்து மறைத்தார். மண்டபமே சிரித்தது.

முஹன்னத்துக்குப் பேச்சு அறுந்துவிட்டது. இறங்கி வந்து தாளை வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. "யார் செஞ்சது இது? எவ்வளவு துணிச்சல்! பெரிய மனுஷங்க கூடியிருக்கிற இடத்துல பாஸ்வேர்டைக் கேக்குறதா?"

நாயிஃப் மேடையிலிருந்து, "யார் எழுதினது?" என்று கேட்டார்.

நவ்வாரா எழப் பார்த்தாள். ருதைனா அவள் தோளை அமுக்கிவிட்டுத் தானே எழுந்தாள்.

"நான்தான், உஸ்தாத்" என்று அதிகாரியை மரியாதையாக விளித்துச் சொன்னாள்.

எண்பது தலைகள் திரும்பின. முஹன்னத் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "சகோதரி, ஒருத்தர்கிட்ட இதைக் கேக்கலாமா? இது மரியாதையா?"

"கேக்கக் கூடாதுதான்" என்றாள் ருதைனா. "உங்க நாலாவது விதி கேக்குது."

யாரோ ஒருவர் நாற்காலிக் கையில் தட்டினார். இன்னொருவர் தட்டினார். தட்டுகிற சத்தம் வரிசை வரிசையாக முன்னால் போனது. நாயிஃப் கையைத் தூக்கி அடக்க வேண்டியதாயிற்று. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்பதை ருதைனா கவனித்தாள்.

"சரி அம்மா" என்றார் அவர். "நீங்க சொல்றது புரியுது. ஆனா உஸ்தாத் முஹன்னத் கேக்குறதும் கேள்விதானே? திறக்காம எப்படிச் சோதிப்பீங்க?"

பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் ருதைனா நினைத்திருந்தாள். இதற்கு வாயால் பதில் சொல்ல அவளுக்குத் தெரியாது. கையால் தெரியும்.

"உஸ்தாத், உங்க போன் சார்ஜ் ஏறல" என்றாள். "கோப்பையை எடுத்தா நின்னுடுது. அதான் இன்னும் தேநீர் அப்படியே இருக்கு."

நாயிஃப் தன் கோப்பையைப் பார்த்தார். முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. "மூணு வாரமா இந்த எழவுதான். ஏஜென்சில காட்டினேன். உள்பலகையே மாத்தணும், போனை விட்டுட்டுப் போங்கன்னாங்க" என்றார். சொன்ன பிறகுதான் ஏஜென்சி மேலாளர் எதிரிலேயே நிற்பது அவர் நினைவுக்கு வந்தது.

ருதைனா மேடைக்கு நடந்தாள். அந்த நடை அவளுக்கு அம்மான் போகிற பாதை அளவுக்கு நீளமாக இருந்தது. கைப்பையிலிருந்து கருவிச் சுருளை எடுத்து விரித்தாள். "கையில நீங்களே பிடிச்சுக்குங்க. முகம் உங்க பக்கம் இருக்கட்டும்" என்றாள். போனைக் கேட்காமலே ஒரு பெண் அதைப் பழுது பார்ப்பதை அந்த மண்டபம் அன்றுதான் பார்த்தது. தலையில் கட்டுகிற சின்ன விளக்கை ஒரு கையில் பிடித்து, மறு கையில் பல்குச்சியைப் போல் சீவிய மரக்குச்சியை வயர் சொருகுகிற துளைக்குள் விட்டு, மெல்லச் சுரண்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை வந்தது. இன்னொன்று வந்தது.

"உங்க கோட்டுப் பையோட பஞ்சு" என்றாள். மேசையில் வைத்தாள்.

வயருக்கும் போனுக்கும் நடுவில், எவ்வளவு மின்சாரம் ஏறுகிறது என்று காட்டுகிற குட்டி மீட்டரைச் சொருகினாள். மீட்டரின் எண்ணை ஒலிபெருக்கியில் படிக்கும்படி பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினாள். பிறகு கோப்பையைத் தூக்கி நாயிஃபின் கையில் கொடுத்தாள். "இப்ப குடிங்க."

வயர் அசையவில்லை. மீட்டர் இறங்கவில்லை. நாயிஃப் ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"உங்க பாஸ்வேர்டு என்னன்னு எனக்குத் தெரியாது உஸ்தாத்" என்றாள். "போன் சரியாச்சுன்னு மட்டும் தெரியும்."

கைதட்டலுக்கு நடுவில் முஹன்னத் விடவில்லை. "இது வெறும் பஞ்சு! திரை மாத்தினா?"

"பூட்டின போன்லயே அவசர எண் அடிக்கலாம். பத்து பொத்தானையும் அமுக்கினா திரையில பாதி சோதிச்சாச்சு. கேமரா பூட்டுக்கு வெளியவே திறக்கும். மத்த மூலையெல்லாம் அவங்களே தொட்டுப் பாப்பாங்க, அவங்கதான் எதிர்ல உக்காந்திருக்காங்களே. புதுப் போன்ல பழுதுக்குக் குடுக்கும்போது படத்தையெல்லாம் மறைச்சு வைக்கிற வசதியே இருக்கு. எப்படிப் போடுறதுன்னு நான் வர்றவங்களுக்கெல்லாம் சொல்லித் தரேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் எட்டாவதுதான் படிச்சேன். அதனால ஏழாவது விதிப்படி இதெல்லாம் எனக்குத் தெரியாது."

இந்த முறை முதலில் சிரித்தது ஸுந்துஸ். கடைசி வரிசையிலிருந்து, தெளிவாக, மண்டபம் முழுவதும் கேட்கிற மாதிரி. ருதைனா அந்தச் சிரிப்பை ஒன்பது வருடமாகக் கேட்டதில்லை. மேடையில் நின்றபடியே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து கருவிகளைச் சுருட்டினாள்.

வீடு திரும்பும் வழியில் நவ்வாரா ஒரு வார்த்தை பேசவில்லை. கடை வாசலில்தான் வாய் திறந்தாள். "என் வாய்க்கு இனிமே இந்தத் தெருவுல வேலை இல்லை."

ஆறு வாரம் கழித்துத் திருத்திய விதிகள் வந்தன. ஃபவ்வாஸ் பஸ்ஸை நிலையத்தில் நிறுத்திவிட்டு, பயணிகள் கத்தக் கத்த, போனில் அவளுக்குப் படித்துக் காட்டினான். உதிரிபாகங்களை விற்க வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது. நாலாவது விதி தலைகீழாகியிருந்தது: பாஸ்வேர்டை எந்தக் கடையும் கேட்கக் கூடாது, பழுது பார்க்கும்போது உரிமையாளர் எதிரில் உட்கார்ந்து பார்க்கலாம். ஏழாவது விதியில், சான்றிதழ் இல்லாதவர்கள் செய்முறைத் தேர்வில் தேறினால் போதும் என்றிருந்தது.

"ஹலோ? உம்மு லைத்? அழுறியா?"

"இல்ல. பஸ்ஸை எடுங்க. ஜனங்க திட்டுறாங்க, இங்க வரைக்கும் கேக்குது."

தேர்வில் பூட்டிய போன் ஒன்றுக்குத் திரை மாற்ற நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். ருதைனா பத்தொன்பதாவது நிமிடத்தில் கையைத் துடைத்துக்கொண்டாள். போனைத் தேர்வாளர் பக்கம் திருப்பி வைத்துத்தான் மாட்டினாள். அப்படித்தான் அவளுக்கு வரும். பக்கத்து மேசையில் ஸுந்துஸ் முப்பத்தொரு நிமிடத்தில் முடித்தாள். "அடுத்த தடவை இருபத்தஞ்சு" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

இப்போது திரைக்குப் பின்னால் இரண்டு மேசைகள். இரண்டு உரிமங்களும் சுவரில், வந்து உட்காருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் தொங்குகின்றன. பலகை மட்டும் இன்னும் இல்லை.

உரிமம் மாட்டிய பதினைந்தாம் நாள் ஒரு பெண் வந்தாள். விலையுயர்ந்த கைப்பை, விலையுயர்ந்த போன், திரை முழுக்கச் சிலந்தி வலை மாதிரி விரிசல். உட்காரத் தயங்கினாள்.

"என் வீட்டுக்காரர் ஏஜென்சிலதான் இருக்காரு. மேலாளர். அங்கேயே குடுக்கலாம். ஆனா…" என்று இழுத்தாள். "தங்கச்சி கல்யாணம் போன வாரம். படமெல்லாம் இதுலதான் இருக்கு. நான் இங்கதான் வருவேன்னேன். அவரும் சரின்னு தலையை மட்டும் ஆட்டினாரு."

நவ்வாரா திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமினாள். அது இருமல் அல்ல என்று ருதைனாவுக்குத் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் விளக்கின் கழுத்தை வளைத்தாள்.

"ஸுந்துஸ், அம்மாவுக்கு நாற்காலியைக் கிட்டப் போடு" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "உக்காருங்க. போன் முகத்தை உங்க பக்கம் திருப்பிக்குங்க. கண்ணை எடுக்காதீங்க" என்றாள்.